தேய்ந்த பல்லுக்கு கேப் ஒன்றுதான் வழியா?

பல் தேய்மானம் பற்றி வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே தவிப்பு தெரிகிறது: "எல்லாப் பல்லையும் ராவி கேப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?" ராவிய பல் திரும்ப வளராது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: வயது 46. மேல் முன்பற்கள் சில ஆண்டுகளாகக் குட்டையாகிக்கொண்டே வருகின்றன. ஓரம் மெலிந்து சில்லுசில்லாக உடைகிறது. உள்பக்கம் நாக்கால் தடவினால் குழிந்திருக்கிறது. ஐஸ் தண்ணீர் பட்டால் சுளீரென்று கூசி, உடனே அடங்கிவிடுகிறது. ஒரு மருத்துவர் ஆறு பல்லுக்கும் ரூட் கெனால் செய்து கேப் போடவேண்டும் என்கிறார். இன்னொருவர் ராவாமலே காம்போசிட் என்னும் பல் நிறப் பிசின் கலவையை வைத்துக் கட்டலாம் என்கிறார். யார் சொல்வது சரி? நெடுநாளாக எனக்கு நெஞ்செரிச்சலும் உண்டு.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடைசி வரியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன நெஞ்செரிச்சல்தான் முதலில் பார்க்கவேண்டிய விஷயம். இரைப்பை அமிலம் மேலேறி வாய்க்கு வரும்போது முதலில் படுவது மேல் முன்பற்களின் உள்பக்கத்தில். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். மேலே உள்பக்கம் குழிவு, கீழே சேதம் குறைவு என்றால் அமில அரிப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வெறும் உராய்வால் தேய்ந்திருந்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தும் தட்டையான, பளபளப்பான முகங்கள் தெரியும். பல வாய்களில் இரண்டும் கலந்தே இருக்கும்: அமிலம் எனாமலை மென்மையாக்குகிறது, கடி அதைத் தேய்த்து எடுக்கிறது.

எனவே பல் வேலைக்கு முன்பாகவோ அதோடு சேர்த்தோ இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். இடப்பக்கமாகப் படுங்கள். புளித்த ஏப்பத்தோடு அமிலம் வாய்க்கு வந்தால் உடனே பல் துலக்காதீர்கள்; ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்துக் கொப்பளியுங்கள். அமிலம் நிற்காமல் எந்தக் கேப் போட்டாலும், கேப்பின் விளிம்புக்குக் கீழே இருக்கும் பல் அரிக்கப்படுவது தொடரும்.

அடுத்து ரூட் கெனால். கூச்சம் சில நொடிகளில் அடங்கினால் உள்நரம்பு உயிரோடும் நலத்தோடும் இருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ச்சி பட்டபின் வலி அரை நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, எதுவும் படாமலே இரவில் எழுப்பிவிடும் வலி, பல் நிறம் கறுப்பது, வேர் நுனியில் எக்ஸ்ரேயில் கறுப்பு நிழல் தெரிவது ஆகியவைதான் ரூட் கெனாலுக்கான அறிகுறிகள். 'கேப் போடப்போகிறோம், அதனால் எதற்கும் முன்கூட்டியே' என்பது நல்ல காரணமே அல்ல. ஒவ்வொரு பல்லுக்கும் குளிர்ச்சிப் பரிசோதனையும் வேர் முழுதும் தெரியும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பல்லுக்குத் தேவையோ அதற்கு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டாம் மருத்துவரின் யோசனையைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். முழுக் கேப்புக்காக முன்பல்லைச் செதுக்கும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஏற்கெனவே தேய்ந்து பாதியான பல்லில் அது மிகப் பெரிய இழப்பு. காம்போசிட்டில் எடுப்பது கிடையாது, சேர்ப்பதுதான்.

"உள்பக்கம் சேர்க்க இடம் எங்கே, கீழ்ப்பல் இடிக்குமே?" என்று தோன்றலாம். பல் தேயத்தேய அது எலும்போடு மெல்ல மேலெழுந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதனால் இடம் இராதுதான். இதற்கு நார்வேயின் பியோர்ன் டால் 1975-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. முன்பற்களின் உள்பக்கத்தில் 1.5 முதல் 2 மி.மீ. கனத்துக்குக் காம்போசிட்டை வேண்டுமென்றே உயர்த்தி வைப்பார்கள். கடித்தால் முன்பற்கள் மட்டும் படும். கடைவாய்ப் பற்களுக்கு இடையே சிறு இடைவெளி விழும். 3 முதல் 6 மாதத்தில், சிலருக்கு இன்னும் கூடுதல் காலத்தில், முன்பற்கள் சற்று அமிழ்ந்து கடைவாய்ப் பற்கள் எழுந்து வந்து மீண்டும் சேர்ந்துவிடும். (முதலில் டால் பயன்படுத்தியது கழற்றி மாட்டும் உலோகத் தகடு, இப்போது காம்போசிட்டையே நேராக வைக்கிறார்கள்.) முதல் சில வாரங்கள் 'ச', 'ஸ' உச்சரிப்பு பிசகும். மெல்லுவது சிரமமாக இருக்கும். உணவைச் சிறு துண்டாக்கிச் சாப்பிட வேண்டும். இதை முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள் பயந்துபோய்க் காம்போசிட்டைத் தேய்த்து எடுக்கச் சொல்லிவிடுகிறார்கள். கடைவாயில் இம்பிளான்ட் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்) இருப்பவர்களுக்கும், ஈறு நோய் அடங்காதவர்களுக்கும், தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்கும் இந்த முறை ஒத்துவராது.

செய்முறை சுருக்கமாக: முதலில் அச்சு அல்லது ஸ்கேன் எடுத்து, புதிய பல் வடிவத்தை மெழுகில் செய்து பார்ப்பார்கள். அதன்மேல் சிலிகான் அச்சு எடுத்து, அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்வார்கள். பற்களைத் தூய்மை செய்து, எச்சில் படாமல் ரப்பர் விரிப்பு மாட்டி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 30 நொடி வரையிலும், உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டினில் 15 நொடிக்கு மேற்படாமலும் வைத்துக் கழுவுவார்கள். பிறகு பிணைப்புத் திரவம். அதன்மேல் 2 மி.மீ. கனத்துக்கு மிகாத அடுக்குகளாகக் காம்போசிட். ஒவ்வொரு அடுக்கையும் நீல ஒளியில் இறுக வைப்பார்கள். ஆறு பல்லுக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை. மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் தேவைப்படாது.

கழன்று விழுவது ஏன்? எச்சிலின் ஈரம் பட்டால் ஒட்டாது. மிக மெல்லிதாக வைத்தால் விரிசல் விடும். ஈறோரமாகச் சுற்றிலும் ஒரு விளிம்பு எனாமல் மிச்சமிருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். அதுவும் கரைந்திருந்தால் பிடிப்பு குறையும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஐந்தாறு ஆண்டுக்குள் எங்கேனும் ஒரு விள்ளலோ நிறமாற்றமோ வரத்தான் செய்யும். ஆனால் அதை அதே நாற்காலியில் ஒட்டிச் சரிசெய்துவிடலாம், பல் பத்திரமாக இருக்கும். பின்னாளில் கேப் தேவைப்பட்டாலும் அதற்குப் பல் மிச்சமிருக்கும்.

கேள்வி: ஐந்து வயது மகன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான். வயிற்றில் பூச்சி என்று மாமியார் சொல்கிறார். பல் தேய்ந்துவிடாதா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு உண்டு என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. குடற்புழு மாத்திரையை அதற்குரிய காலத்தில் கொடுங்கள். அது வேறு விஷயம். பால் பற்களை இப்படிக் கடிப்பது இந்த வயதில் சாதாரணம், நிரந்தரப் பற்கள் வர வர பெரும்பாலும் தானாகக் குறையும். வளரும் தாடைக்கு இரவுக் கவசம் மாட்டக் கூடாது. கவனிக்கவேண்டியது வேறு: வாயைத் திறந்து தூங்குகிறானா, குறட்டை விடுகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா? அப்படியானால் அடினாய்டு (மூக்கின் பின்புறத் திசு), டான்சில் வீக்கமா என்று காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லில் வலியோ, ஈறில் கொப்புளமோ இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வயது 38. ஈறையொட்டிப் பல்லில் அரிவாளால் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்திருக்கிறது. இடப்பக்கம்தான் அதிகம். பள்ளத்தில் அடைத்த சிமெண்ட் இரண்டு முறை விழுந்துவிட்டது. கூச்சம் தாங்க முடியவில்லை. பல்பொடியால் அழுத்தித் தேய்த்தால்தான் எனக்குத் திருப்தி.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: வலது கையால் துலக்குபவர்களின் அழுத்தம் இடப்பக்கக் கோரைப் பல்லிலும் அதையடுத்த முன்கடைவாய்ப் பற்களிலும் அதிகமாக விழும். உங்கள் பள்ளமும் அங்கேதான் இருக்கிறது. கழுத்துப் பகுதியில் எனாமல் மிக மெல்லியது. ஈறு இறங்கியபின் தெரியும் வேரில் எனாமலே கிடையாது. பல்பொடி, கரித்தூள், உப்பு, சாம்பல், செங்கல் தூள் எதுவானாலும் அந்த இடத்துக்கு அது ரம்பம்தான். ஆகவே பொடியை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ்ஷை வாங்குங்கள். அதை முஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல் நுனிகளில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து, சிறு சிறு அசைவாக, மொத்தம் 2 நிமிடம் துலக்குங்கள். மூன்று மாதத்துக்குள் தூரிகை நார்கள் விரிந்து சாய்ந்தால் இன்னும் அழுத்துகிறீர்கள் என்று பொருள். கூச்சத்துக்கான பேஸ்ட்டை (5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஸ்டேனஸ் ஃபுளோரைடு உள்ளது) காலை, இரவு இரண்டு வேளையும் பயன்படுத்துங்கள். துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். படுக்குமுன் கூசும் இடத்தில் சிறிதளவு விரலால் தடவியும் விடலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். நான்கு நாள் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். இதோடு மருத்துவமனையில் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்வது நல்லது.

அடைத்தது விழுந்ததற்குக் காரணங்கள் உண்டு. நாள்பட்ட பள்ளத்தின் தரை கண்ணாடிபோல் இறுகி வழவழப்பாகியிருக்கும். அதைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் வைத்தால் எதுவும் நிற்காது. பள்ளத்தின் கீழ் விளிம்பு ஈறுக்கு அடியில் இருந்தால் ஈறிலிருந்து ஊறும் ஈரம் பிணைப்பைக் கெடுக்கும். மெல்லிய நூலைச் செருகி ஈறை விலக்கிவிட்டுத்தான் அடைக்க வேண்டும். மேல் விளிம்பு எனாமலைச் சற்றுச் சாய்வாக்கினால் பிடிமானம் கூடும். இத்தகைய பள்ளத்துக்கு ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் என்னும் சிமெண்ட் நன்றாக நிற்கிறது. சிரிக்கும்போது தெரியும் இடமானால் காம்போசிட். எல்லாப் பள்ளத்தையும் அடைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. 1 மி.மீ.க்கும் குறைவாக, கூச்சமின்றி, உணவு சிக்காமல் இருந்தால் புகைப்படம் எடுத்து வைத்துக் கண்காணித்தால் போதும். பேஸ்ட்டுக்கும் வார்னிஷுக்கும் அடங்காத கூச்சம், ஆழம் கூடிக்கொண்டே போவது, சொத்தை என்று எது வந்தாலும் அடைக்க வேண்டும்.

கேள்வி: தினமும் காலையில் வெந்நீரில் எலுமிச்சைச் சாறு குடிக்கிறேன். குடித்ததும் பல் துலக்கிவிடுகிறேன். புளிக்குழம்பு, ரசம், தயிர் எல்லாமே பல்லைக் கெடுக்குமா?
— வாசகி, சேலம்

பதில்: பி.எச். என்பது புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். சுமார் 5.5-க்குக் கீழே அது இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறும் கோலா பானங்களும் 2 முதல் 3-க்குள் நிற்பவை. சாறு குடித்த கையோடு துலக்கினால் மென்மையான மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கிறீர்கள். வரிசையை மாற்றுங்கள்: முதலில் துலக்குங்கள், பிறகு குடியுங்கள், உடனே வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். எப்போதாவது பிறகுதான் துலக்கமுடியும் என்றால் குறைந்தது அரைமணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழியட்டும். மடக்கு மடக்காக அரைமணி நேரம் உறிஞ்சாமல் ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள். அளவைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதுதான் பல்லைத் தீர்மானிக்கிறது.

தயிரும் மோரும் புளிப்பாக இருந்தாலும் அவற்றில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் பல்லை அரிப்பதில்லை. சோற்றோடு பிசைந்து சாப்பிடும் குழம்பும் ரசமும் கவலைக்குரியவை அல்ல. புளியையும் மாங்காயையும் வாயில் அதக்கிச் சப்புவது, புளிப்பு மிட்டாய், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரை, எடை குறைக்கக் குடிக்கும் ஆப்பிள் வினிகர் ஆகியவைதான் அரிப்பவை. படுக்கப்போகும் நேரத்தில் இவை எதுவும் வேண்டாம். தூக்கத்தில் எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும், அமிலத்தைக் கழுவ ஆளிருக்காது.

கேள்வி: வயது 32. ஐ.டி. வேலை. இரவில் பல்லைக் கடிப்பதாக மனைவி சொல்கிறார். காலையில் தாடை வலி. வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் ரப்பர் கவசம் ஒன்றை இணையத்தில் வாங்கி மாட்டினேன், வலி கூடிவிட்டது.
— வாசகர், சென்னை

பதில்: மென்மையான கவசத்தைச் சிலர் இன்னும் பலமாகக் கடிக்கிறார்கள், உங்களுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். நிறுத்திவிடுங்கள். உங்களுக்குத் தேவை அச்சு எடுத்துச் செய்யும் கடினமான அக்ரிலிக் கவசம். மேல்பற்கள் அனைத்தையும் மூட வேண்டும், கடைவாயில் ஏறத்தாழ 2 மி.மீ. கனம் வேண்டும். எதிர்ப்பற்கள் எல்லாம் அதன்மேல் ஒரே சமயத்தில் சமமாகப் படும்படி நிறத்தாள் வைத்துச் சரிபார்க்க வேண்டும். இந்தச் சரிபார்ப்பை ஒரு தடவையோடு முடிக்கக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள், கட்டாயம் போங்கள். முன்பல்லை மட்டும் மூடும் சிறு கவசங்களை மாதக்கணக்கில் மாட்டினால் மூடாத பற்கள் எழுந்துவந்து கடி திறந்துகொள்ளும்.

கவசம் பல்லைக் காக்கும். கடிக்கும் பழக்கத்தை நிறுத்தாது. மாலைக்குப் பின் காபி, மது, புகை ஆகியவை பழக்கத்தைக் கூட்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் வரலாம். அப்படியானால் மருந்தெழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனை முதலில் வேண்டும். மேல் கவசம் சிலருக்கு அந்த மூச்சுத்தடையை அதிகமாக்கக்கூடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். பகலில் கணினி முன்னும் கடிக்கிறீர்களா என்று கவனியுங்கள். உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேரக் கூடாது. நாக்கு மேலண்ணத்தில் லேசாக ஒட்டியிருக்கட்டும். திரையோரம் ஒரு சிறு புள்ளி ஒட்டிவைத்து, பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.

கவசத்தைக் குளிர்ந்த தண்ணீரில் திரவ சோப்பு விட்டுக் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் கோணிவிடும், பேஸ்ட் பட்டால் கீறல் விழும். பல்லில் புதிதாக ஃபில்லிங்கோ கேப்போ போட்டால் பழைய கவசம் பொருந்தாது, மாற்றியமைக்க வேண்டும்.

கேள்வி: தருமபுரி மாவட்டம். சிறுவயதிலிருந்தே பல்லில் காவிக்கறை. இப்போது 29 வயதில் ஓரங்கள் பொரிந்து உதிர்கின்றன. ஃபுளோரைடு பேஸ்ட்டை நான் தொடவே கூடாதா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: உங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மி.கி. ஃபுளோரைடு ஏற்கத்தக்க அளவு என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மி.கி. வரை என்றும் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. அதைத் தாண்டிய நீரைப் பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுவரை, குடித்தால் எனாமலின் உட்பகுதி கெட்டிப்படாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். மேலே மெல்லிய கெட்டித் தோல் மட்டும் இருக்கும். கடியில் அந்தத் தோல் உடைந்ததும் உள்ளே இருப்பது பொரிகிறது, கறையும் ஏறுகிறது. 29 வயதில் பேஸ்ட்டால் புதிதாகக் கறை வராது. உங்கள் எனாமலுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் தேவைதான், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கறை மட்டும் உள்ள பற்களில், சிராய்ப்புத் தூள் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் பசையால் மேற்பரப்பை மிக மெல்லிதாக எடுத்துவிட்டாலே பெரும்பகுதி தெளியும். தேவையானால் அதன்பின் வெளுப்பாக்கலாம். ஓரம் உதிர்ந்த பற்களுக்குக் காம்போசிட் கட்டலாம். ஆனால் ஃபுளோரைடு ஏறிய மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் இளகாது. மற்றவர்களுக்கு வைக்கும் அளவு நேரம் அமிலம் வைத்தால் ஒட்டும் பிடி போதாது. மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கி, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். இதை அறியாமல் செய்த வெனீர்கள் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய உறைகள்) பொலபொலவென விழுகின்றன. உங்கள் கறை எதனால் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு வார்த்தை: தண்ணீரைக் காய்ச்சுவதால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். கூட்டுக் குடிநீரோ ஆர்.ஓ. நீரோ கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலை பாக்கு. கடைவாய்ப் பற்கள் ஈறு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டன, வலி இல்லை. நான்கு பல் விழுந்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு செட் வைக்கலாம் என்கிறார்கள்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பல்லைப் பற்றிப் பேசுமுன் வாயைப் பாருங்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அம்மாவின் மூன்று விரல்கள் அடுக்காக வாய்க்குள் போகின்றனவா? காரம் பட்டால் எரிகிறதா? கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ உண்டா? இவற்றில் ஒன்றிருந்தாலும் முதலில் அதற்கான பரிசோதனை. பாக்கை நிறுத்துவது இப்போதும் பயன் தரும்.

மெல்ல மெல்லத் தேய்ந்த பல்லில் நரம்பறை உள்ளிருந்து தானே அடைத்துக்கொள்வதால்தான் வலி இல்லை. வலியும் சீழும் ஆட்டமும் இல்லாத வேர்களை அவசரப்பட்டுப் பிடுங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பல் போன இடத்தில் எலும்பு கரையும். குறிப்பாகக் கீழ்த்தாடையில் முழு செட் ஆடிக்கொண்டே இருக்கும். உறுதியான வேர்கள் இரண்டு இருந்தாலும், முடிந்தால் இருபுறக் கோரைப் பற்களின் வேர்கள், அவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் 1 முதல் 1.5 மி.மீ. குமிழாக விட்டு மூடி, அதன்மேல் செட் உட்காரும்படி செய்யலாம். எலும்பும் நிற்கும், மெல்லும் உணர்வும் இருக்கும். அந்த வேர்களைத் தினமும் துலக்கி ஃபுளோரைடு தடவாவிட்டால் சொத்தை வந்து போய்விடும்.

இந்தப் பற்களுக்கு கேப் போடமுடியுமா என்றால், ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. உறுதியான பல் சுவராவது வேண்டும். அது இல்லாமல் கம்பி நட்டு கேப் மாட்டினால் வேர் பிளந்துவிடும். ஈறையும் எலும்பையும் சற்று இறக்கிப் பல்லை வெளிக்கொணரும் அறுவை ஒன்று உண்டு. 71 வயதில் ஓரிரு முக்கியப் பற்களுக்கு மட்டும் அதை யோசிக்கலாம். கடி உயரத்தைக் கூட்டவேண்டியிருந்தால், கழற்றக்கூடிய தற்காலிக செட்டில் சில வாரங்கள் பழக்கிப் பார்த்தபிறகே நிரந்தர வேலைக்குப் போக வேண்டும். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி அல்லது மாத்திரை ஆகியவை இருந்தால் எந்தப் பல்லையும் தொடுமுன் சொல்லிவிடுங்கள். செலவு கவலை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரி மருத்துவமனைகளில் செயற்கைப் பல் துறையை அணுகலாம். நடை அதிகமாகும், கட்டணம் குறையும்.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு கேப் தவிர்க்க முடியாது என்றாகிவிட்டது. இரவில் பல் கடிப்பேன். சிர்கோனியாவா (கெட்டியான வெள்ளைப் பீங்கான்), மெட்டல் செராமிக்கா (உலோகத்தின் மேல் பீங்கான் பூச்சு), முழு மெட்டலா? கேப் எதிர்ப்பல்லைத் தேய்க்குமா?
— வாசகர், ஈரோடு

பதில்: பல்லின் பக்கச் சுவர்கள் நன்றாக இருந்தால், மேற்பரப்பை மட்டும் மூடும் ஆன்லே போதுமா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியாத கடைசிப் பல்லுக்கு முழு மெட்டல் கேப்தான் பல் கடிப்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு. 1 முதல் 1.5 மி.மீ. ராவினால் போதும், உடையாது. நிறம்தான் பலருக்கு உறுத்துகிறது. வெள்ளையாகத்தான் வேண்டும் என்றால், மேலே செராமிக் பூச்சில்லாத முழு சிர்கோனியா. அதற்கும் ஏறத்தாழ அதே அளவு ராவினால் போதும். மெட்டல் செராமிக்குக்கு மேற்பரப்பில் 2 மி.மீ. வரை எடுக்கவேண்டியிருக்கும், பல் கடிப்பவர்களுக்கு அந்தப் பீங்கான் பூச்சு சில்லாகப் பெயர்வது அடிக்கடி நடக்கிறது.

எதிர்ப்பல்லைத் தேய்ப்பது கேப்பின் கடினத்தைவிட அதன் சொரசொரப்பைப் பொறுத்தது. நன்கு மெருகேற்றிய சிர்கோனியா எனாமலிடம் மென்மையாகவே நடந்துகொள்கிறது. மாட்டும்போது "கொஞ்சம் உயரமாக இருக்கிறது" என்று ராவிவிட்டு மெருகேற்றாமல் அனுப்பினால்தான் எதிர்ப்பல் தேயும். ராவினால் மறுபடி மெருகேற்றச் சொல்லுங்கள். நாக்கால் தடவினால் வழவழப்பாக இருக்க வேண்டும்.

தேய்ந்து குட்டையான கடைவாய்ப் பல்லில் செதுக்கியபின் சுவர் உயரம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் வெறும் சிமெண்டின் பிடிப்பு போதாது. பக்கச் சுவரில் வரிப்பள்ளம் போட்டு ரெசின் சிமெண்டால் ஒட்டவேண்டும். ஒட்டிய பின் சூடு, குளிர்ச்சிக்குச் சில வாரங்கள் கூசலாம். கடித்தால் வலித்தாலோ, அந்தப் பல் முதலில் படுவதாகத் தோன்றினாலோ 'பழகிவிடும்' என்று இருக்காதீர்கள், இரண்டு மூன்று நாளிலேயே போய்ச் சரிசெய்யுங்கள். கேப்போடு தரும் உத்தரவாத அட்டை கேப் உடைவதற்கு மட்டுமே. அடியில் பல் சொத்தையானால் அது கைகொடுக்காது.

கேள்வி: கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. மருத்துவரைப் பார்க்க மூன்று நாளாகும். வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: உடனடிப் பசை எதையும் தொடாதீர்கள், ஈறு வெந்துபோகும், கேப்பும் பிறகு சரியாக உட்காராது. கேப்பைக் கழுவி ஒரு சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். தூங்கும்போது வாயில் வைத்திருக்க வேண்டாம், விழுங்கவோ மூச்சுக்குழாயில் போகவோ கூடும். அந்தப் பல்லை மென்மையாகத் துலக்கி, அந்தப் பக்கம் மெல்லாமல், கூசினால் கூச்ச பேஸ்ட் தடவிக்கொள்ளுங்கள். மூன்று நாளை மூன்று வாரமாக்கிவிடாதீர்கள்: பக்கத்துப் பற்கள் சாயவும் எதிர்ப்பல் இறங்கவும் தொடங்கிவிட்டால் அதே கேப் மறுபடி பொருந்தாது. கேப்புக்குள் பல் துண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அதைச் சுரண்டி எடுக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். உள்ளே எவ்வளவு பல் உடைந்தது என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார்.